பொருளாதாரம் ஏறுது, கார்பன் இறங்குது: கோபன்ஹேகன் கணக்கு நிஜமா?

நகரம் வளர்ந்தால் புகையும் வளரும். இதுதான் இத்தனை காலமும் உலகம் பார்த்துவந்த கணக்கு. தொழில் பெருகினால் வேலை வரும், வேலை வந்தால் வீடு, வண்டி, மின்சாரம் எல்லாம் கூடும். கூடவே கார்பன் டை ஆக்சைடும் கூடும். இந்த முடிச்சை அவிழ்க்க முடியுமா?

'முடியும்' என்பதற்கு அடிக்கடி உதாரணமாகக் காட்டப்படும் நகரம், டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன். 2005-ல் சுமார் 5 லட்சம் பேர் வசித்த இந்த நகரத்தில் இப்போது சுமார் 6.5 லட்சம் பேர் இருக்கிறார்கள். பொருளாதாரமும் வளர்ந்திருக்கிறது. ஆனால், மாநகராட்சிக் கணக்கின்படி நகரத்தின் கார்பன் உமிழ்வு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இது எப்படி நடந்தது? இதில் வராத கணக்கு ஏதாவது இருக்கிறதா?

அதென்ன 'டீகப்ளிங்'?

வளர்ச்சியையும் கார்பனையும் பிரிப்பதற்குப் பொருளாதார நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் 'டீகப்ளிங்'. இதில் இரண்டு வகை உண்டு. பொருளாதாரம் 10 சதவீதம் வளர்ந்து, உமிழ்வு 4 சதவீதம் மட்டும் கூடினால் அது ஒப்பீட்டளவிலான பிரிவு. வளர்ச்சியைவிட மெதுவாகத்தான், ஆனால் புகை இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பொருளாதாரம் வளரும்போதே உமிழ்வு குறைந்தால்தான் அது முழுமையான பிரிவு. பூமி சூடாவதைத் தடுக்க உதவுவது இரண்டாவது வகைதான். கோபன்ஹேகன் காட்டுவதும் அதைத்தான்.

எப்படிச் சாத்தியமாச்சு?

சைக்கிள்தான் காரணம்னு பலர் நினைக்கலாம். சைக்கிளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய வேலையைச் செய்தது தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள்.

டென்மார்க் குளிர்நாடு. வருடத்தில் பல மாதங்கள் வீட்டைச் சூடாக்கியே ஆக வேண்டும். வழக்கமான அனல் மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வெப்பமாக வீணாகிறது. அந்த வெப்பத்தில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பினால்? வீட்டுக்கு வீடு எண்ணெய் பாய்லர் வைத்து எரிக்க வேண்டியதில்லை.

1973 எண்ணெய் நெருக்கடிதான் இதைத் தேசியக் கொள்கையாக்கியது. அப்போது நாட்டின் எரிசக்தித் தேவையில் சுமார் 90 சதவீதம் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட வேண்டிய நிலை. 1979-ல் வெப்ப விநியோகச் சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்கு எப்படி வெப்பம் தருவது என்று உள்ளாட்சிகள் திட்டமிட்டன. கட்டடங்கள் பொதுக் குழாயில் இணைய வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரமும் பின்னர் அவற்றுக்குக் கிடைத்தது. இன்று கோபன்ஹேகனில் சுமார் 98 சதவீத வெப்பத் தேவை இந்தக் குழாய்கள் மூலமே நிறைவேறுகிறது.

இதில் ஒரு வசதி இருக்கிறது. எல்லா வீடும் ஒரே வலையமைப்பில் இருப்பதால், எரிபொருளை மாற்ற லட்சம் வீட்டுக் கதவுகளைத் தட்ட வேண்டாம். ஒரு சில நிலையங்களை மாற்றினால் போதும். அப்படித்தான் நிலக்கரி போய், மரச்சில்லும் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டும் வந்தன.

காற்றாலையும் கைகொடுத்தது. 2000-ல் நகரத்துக்கு எதிரே கடலில் 20 காற்றாலைகளுடன் மிடில்குருண்டன் பண்ணை அமைந்தது. அதில் பாதி, 8 ஆயிரத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவு அமைப்புக்குச் சொந்தம். காற்றாலை கண்ணெதிரே நின்றாலும், அது 'நம்ம காற்றாலை' என்ற உணர்வு மக்களுக்கு இருந்தது.

அப்புறம் ஏன் 2025 இலக்கு தவறியது?

2025-க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகராவோம் என்று 2012-ல் மாநகராட்சி அறிவித்தது. 2022-ல், அது முடியாது என்று ஒப்புக்கொண்டது.

சிக்கல், குப்பையில் இருந்தது. கூரையில் பனிச்சறுக்குத் தளம் வைத்து உலகப் புகழ் பெற்ற அமாகர் குப்பை எரிப்பு ஆலை, மின்சாரமும் வெப்பமும் தருகிறது. ஆனால் குப்பையில் பிளாஸ்டிக்கும் இருக்கிறதே! பிளாஸ்டிக் என்பது பெட்ரோலியத்தின் இன்னொரு வடிவம். எரித்தால் கார்பன் வெளியேறும். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் கார்பனைப் புகைபோக்கியிலேயே பிடிக்கும் திட்டம் இருந்தது. அரசு நிதிக்கான நிபந்தனைகளை ஆலையால் பூர்த்தி செய்ய முடியாததால், திட்டம் நின்றது. இலக்கும் தள்ளிப்போனது.

கணக்கில் வராதது என்ன?

முதலாவது, மரம். மரத்தை எரித்தாலும் புகைபோக்கியில் கார்பன் வரத்தான் செய்யும். ஆனால் சர்வதேச விதிகளின்படி அது மரம் வெட்டப்படும் நாட்டின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் சேரும், எரிக்கும் இடத்தில் பூஜ்ஜியம். டென்மார்க் எரிக்கும் மரத்தில் ஒரு பங்கு எஸ்டோனியா, லாட்வியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. வெட்டிய காடு மீண்டும் வளர்ந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

இரண்டாவது, கடைச் சாமான். கோபன்ஹேகன்வாசி வாங்கும் போன், சட்டை, இறைச்சி, விமானப் பயணம் ஆகியவற்றின் உமிழ்வில் பெரும்பகுதி வேறு ஊர்களின் கணக்கில் எழுதப்படுகிறது. நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, 'எங்க வீடு சுத்தம்' என்று சொல்வது போலத்தான் இது. கோபன்ஹேகன் மட்டும் இதில் விதிவிலக்கல்ல. சி40 நகரங்கள் கூட்டமைப்பு 2018-ல் 79 நகரங்களை ஆய்வு செய்தது. நுகர்வையும் சேர்த்துப் பார்த்தால், வழக்கமான கணக்கைவிட மொத்த உமிழ்வு 60 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது.

அப்போ எல்லாம் ஏமாற்றா?

இல்லை. எண்ணெய் பாய்லர்கள் போனது நிஜம், நிலக்கரி குறைந்ததும் நிஜம். வீடு சூடாவதற்கும் விளக்கு எரிவதற்கும் நிலக்கரியும் எண்ணெயும் தேவையில்லை என்று அந்த நகரம் காட்டியிருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் 40 ஆண்டுகளுக்கும் மேலான சட்டம், பொது முதலீடு, குழாய் பதித்த உழைப்பு இருக்கிறது. நுகர்வுக் கணக்கு இன்னும் தீராத பாக்கி. அதையும் குறைக்கும் இலக்கை 2035-க்கான புதிய திட்டத்தில் மாநகராட்சி சேர்த்திருக்கிறது.

இனி எந்த நகரமாவது 'வளர்ந்தோம், கார்பனையும் குறைத்தோம்' என்று அறிவித்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். உமிழ்வு உண்மையிலேயே குறைந்ததா, அல்லது மெதுவாகக் கூடுகிறதா? எரித்தவற்றில் எதெல்லாம் பூஜ்ஜியம் என்று எழுதப்பட்டது? அந்த மக்கள் வாங்கும் பொருட்களின் புகை எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறது?