தாமே மடியும் கலங்கள்: உருளைக்கிழங்கு இலைப் புள்ளியை அறிதல்

நுவரெலியாவிலும் அட்டன் பகுதியிலும் தேயிலை மலைகளுக்கிடையேயுள்ள பாத்திகளில் மூடுபனி சில நாள் நீங்காதிருப்பின், உருளைக்கிழங்கு இலைகளிற் கபிலநிறப் புள்ளிகள் தோன்றுவதுண்டு. கமக்காரர் உடனே மருந்து தெளிகருவியைத் தோளிலேற்றுவர். அச்சம் நியாயமானதே. 1845 இல் அயர்லாந்தின் பயிரைத் தாக்கிப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்ததும் இப் பிந்திய வெளிறல் நோயே. எனினும், எல்லாப் புள்ளியும் நோய் வென்றதன் அடையாளமன்று.

தாவரம் தன் தேவைக்காகத் தன் கலங்கள் சிலவற்றை ஒழுங்குமுறையாக மடியச் செய்கின்றது. நீர் நிற்கும் வயலில் நெல்வேர் மூச்சடைத்து அழுகாதிருப்பது இதனாலேயே. வேரின் மேற்றோலுக்கு உள்ளேயுள்ள கலங்கள் மடிய, அவ்விடம் காற்றுக் குழாயாகின்றது. தண்டின் வழியே இறங்கும் காற்று அதனூடே வேர்நுனியை நோக்கிச் செல்லும். வெள்ளத்தில் வேரினுள்ளே தேங்கும் எதிலீன் வாயு இம்மடிவை மேலும் தூண்டும். முதிர்ந்த வேரைக் கூரிய அலகினாற் குறுக்கே வெட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்ப்பின் அத்துளைகள் புலப்படும்.

நோயெதிர்ப்பிலும் இவ்வாறே. எதிர்ப்புள்ள உருளைக்கிழங்கு இனத்தின் இலையினுள் கிருமி நுழைந்ததும், அதனை இனங்கண்ட கலமும் அண்டைக் கலங்கள் சிலவும் விரைந்து மடிந்துவிடும். வெளிறற் கிருமி முதலில் உயிருள்ள கலங்களிலேயே உணவு பெறுவதாகையால், அங்கே பட்டினியால் முடங்கும். காட்டுத்தீ வருமுன் வளவோரப் புல்லைத் தாமே எரித்துவிடுவதற்கு இது ஒப்பாகும். எரிபந்தம் நோயை எதிர்க்கும் நெல்லிலும் குண்டூசித் தலையளவு புள்ளி தோன்றி, அவ்வளவில் நின்றுவிடும். இறந்த இழையத்தை உண்ணும் முந்திய வெளிறற் பங்கசிடம் இவ்வுபாயம் செல்லாது.

ஆகையால், தெளிக்குமுன் இலையைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். விடியற்காலை ஈரத்தில், புள்ளியின் ஓரமாக அடிப்புறத்தில் வெண்ணிறப் பூஞ்சணம் படர்ந்திருப்பின் நோய் பரவுகின்றது. அன்றே மருந்து தெளித்தல் அவசியம். புள்ளி சிறிதாய், உலர்ந்து, பூஞ்சணமின்றி இருப்பின், அதனைச் சுற்றி மையாற் கோடிட்டு மறுநாளும் பார்க்கலாம். கோட்டைத் தாண்டாவிடின், பயிர் தன் காவலைத் தானே செய்கின்றது எனலாம். மருந்துச் செலவு மிச்சமாகும்.

இச்சோதனை எதிர்ப்புள்ள இனங்களுக்கே உரியது. எதிர்ப்பற்ற இனத்தைப் பயிரிட்டவர் மூடுபனிக் காலத்திற் புள்ளிக்காகக் காத்திராது முன்கூட்டியே தெளித்தல் வேண்டும். எதிர்ப்பும் என்றும் நிலைப்பதன்று. மெக்சிக்கோவின் காட்டு உருளைக்கிழங்கிலிருந்து பெற்ற எதிர்ப்பைக் கிருமியின் புதிய வகைகள் பிற நாடுகளில் முறியடித்துள்ளன. சென்ற போகத்திற் தாக்குப்பிடித்த இனமாயினும், இப்போகத்திற் புள்ளி பெருகக் கண்டால், பாதித்த இலைகளுடன் விவசாயப் போதனாசிரியரை உடனே காணுதல் நன்று.