தேனிலவுக்கு முதலில் பார்க்க வேண்டியது படகுத்துறை

நடக்கச் சிரமப்படும் துணையோடு மாலத்தீவுக்குத் தேனிலவு போகிறவர்கள், அறையின் அழகைவிட அங்கே போய்ச் சேரும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெலானா விமான நிலையத்திலிருந்து தொலைவுத் தீவுகளுக்குப் பறக்கும் கடல் விமானத்தில் குறுகலான படிகள் ஏற வேண்டும். விரைவுப் படகிலோ அது ஆடும்போதே கால் வைக்க வேண்டும். எனவே, ஏற்றி இறக்க வசதியுள்ள பக்கத்துத் தீவே நல்லது. அறை விஷயத்திலும் விடுதி தரும் ‘வசதி உண்டு’ என்ற பதில் போதாது. சக்கர நாற்காலியின் அகலம் 65 செ.மீ. என்றால், குளியலறைக் கதவு 80 செ.மீ.யாவது திறக்க வேண்டும். மணல் பாதையில் சக்கரம் புதையும். அளவுகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு விசாரித்தால் இனிமை போய்விடாதா என்பார்கள். போகாது. படிக்குப் படி தூக்கிவிட நேர்ந்தால்தான் தூக்குகிறவர் வெறும் உதவியாளராகிவிடுகிறார். முன்கூட்டிய விசாரிப்பே இருவரையும் கணவன் மனைவியாக இருக்க விடுகிறது.