பறவை ஒளிந்திருக்கும் தலைக்கவசம்

சட்டன் ஹூ, இங்கிலாந்து
கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம்
இரும்பு, வெண்கலம், கார்னெட் கற்கள்

முகத்தை உற்றுப் பாருங்கள். புருவங்கள் இறக்கைகள், மூக்கு உடல், மீசை வால். பறக்கும் பறவை தெரிகிறதா? புருவ நுனிகளில் காட்டுப்பன்றித் தலைகளும் உண்டு.

ஆங்கிலோ-சாக்சன் காலத்துச் சாதாரண வீரனிடம் ஈட்டியும் மரக்கேடயமும்தான் இருக்கும். வாளும் தலைக்கவசமும் பெருஞ்செல்வர்களுக்கே வாய்த்தன. இதற்கு உரியவர் ஓர் அரசர் என்று கருதுகிறார்கள். 27 மீட்டர் நீளக் கப்பலுக்குள் அவரைப் புதைத்து, மேலே மண்மேடு எழுப்பினார்கள்.

1939இல் தோண்டியபோது இந்தக் கவசம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடந்தது. இப்போதுள்ள வடிவில் சேர்த்தது 1970–71இல். கரடுமுரடாகத் தெரிபவை பழைய துண்டுகள். வழவழப்பான பகுதி, இடைவெளியை நிரப்பப் புதிதாகச் சேர்த்தது. எது அதிகம்?