வைஸ் சிட்டி கொடுத்த ராக்ஸ்டாருக்கு கைப்பக்குவம் போய்விட்டதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். காபி குடித்து முடிக்கும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"கண்ணு, இவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கோணும். எழுபதாயிரம் எடுத்து வச்சிருக்கறேன். இவன் என்னமோ ஜிடிஏ 6ங்கறான். அதுக்கு லட்சத்துக்கு மேல ஆகும்ங்கறான். நீதான் சொல்லோணும்."

தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். "ராக்ஸ்டார் கேம்ணா. கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்றான்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கண்ணை மூடி நம்பியவன்தான். ஆனால் 2021ல் அதே கம்பெனி தன்னுடைய புகழ் பெற்ற மூன்று கேம்களை மறுபடி வெளியிட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டது. பழைய கைப்பக்குவம் போய்விட்டதா, இல்லை வேறு காரணமா? புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பணத்தைப் போடும் முன் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

டேலிக்குப் பக்கத்தில் வைஸ் சிட்டி

2009ல் எங்கள் குடும்பத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதுவும் சித்தப்பா கம்பெனியில், டேலியில் கணக்கு போடுவதற்காக வாங்கியது. பள்ளி நண்பன் ஒருவன் கொடுத்த சிடியில் இருந்து 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி'யை அதில் இன்ஸ்டால் செய்தேன். சித்தப்பா டெலிவரிக்குப் போனதும் டேலியை மூடிவிட்டு கேமைத் திறப்பேன். மிஷனைச் செய்வதைவிட, பைக்கை எடுத்துக்கொண்டு ரேடியோ கேட்டபடி கடற்கரை ரோட்டில் சும்மா சுற்றுவதுதான் அதிகம்.

அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம் என்பது அப்போது எனக்கும் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. அது திருட்டு காப்பி என்பதும் தெரியாது. அந்த சிடியோடு ஒரு வைரஸும் வந்தது. பேக்அப் எடுக்காமல் இருந்த ஒரு வாரக் கணக்கு போய்விட்டது. சித்தப்பா மூன்று ராத்திரி உட்கார்ந்து, டெலிவரி சலான்களைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்தார். என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சணல் ஊரில் பிறந்த கம்பெனி

ராக்ஸ்டார் கேம்ஸின் தலைமையிடம் நியூயார்க். ஆனால் ஜிடிஏ பிறந்த இடம் ஸ்காட்லாந்தில் இருக்கும் டண்டீ. திருப்பூர்காரர்களுக்கு இந்த ஊர் பிடிக்கும். நமக்கு பனியன் எப்படியோ, அந்த ஊருக்கு ஒரு காலத்தில் சணல் அப்படி. வங்காளத்தில் இருந்து கப்பலில் போன சணல்தான் அந்த ஊர் மில்களில் ஓடியது. மில்கள் நலிந்த காலத்தில், அங்கிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டு கம்ப்யூட்டர்கள் தயாராயின. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ் என்பவர் 1980களின் கடைசியில் டிஎம்ஏ டிசைன் என்ற கேம் கம்பெனியை ஆரம்பித்தார். 1991ல் 'லெம்மிங்ஸ்', 1997ல் முதல் ஜிடிஏ. பிறகு கம்பெனி கைமாறி, எடின்பரோ நகருக்கு இடம் மாறி, 2002ல் ராக்ஸ்டார் நார்த் ஆனது.

நம் பக்கமும் ஒரு தொடர்பு உண்டு. ராஜேஷ் ராவ் ஆரம்பித்த பெங்களூரு துருவா இன்டராக்டிவ் கம்பெனியை 2019ல் ராக்ஸ்டார் வாங்கி, தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக் கொண்டது.

அந்தக் கைப்பக்குவம் என்ன?

2001 அக்டோபரில் ஜிடிஏ 3 வந்தது. ஒரே வருடத்தில், 2002 அக்டோபரில் வைஸ் சிட்டி. 2004 அக்டோபரில் சான் ஆண்ட்ரியாஸ். இவ்வளவு வேகம் எப்படி? மூன்றும் ரெண்டர்வேர் என்ற ஒரே கேம் என்ஜினில் செய்தவை. கேம் என்ஜின் என்பது நிட்டிங் மெஷின் மாதிரி. மெஷின் அதேதான், நூலையும் டிசைனையும் மாற்றினால் புதுத் துணி வரும்.

அந்த கேம்கள் முதலில் வெளியானது பிளேஸ்டேஷன் 2ல். அதன் மெயின் மெமரி வெறும் 32 எம்பி. ஒரு முழு ஊரை அதில் ஏற்ற முடியாது. எனவே நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி இருக்கும் தெருக்களை மட்டும் டிஸ்க்கில் இருந்து எடுத்து, தாண்டிப் போன தெருக்களை மெமரியில் இருந்து கழற்றி விடுவார்கள். தூரத்தில் இன்னும் ஏறாத கட்டடங்களை மறைக்க லேசான மூட்டம் போட்டார்கள். சான் ஆண்ட்ரியாஸில் அந்த மூட்டமே அழகாகிவிட்டது. மலை தூரமாகத் தெரிந்தது. மூன்று ஊர்கள் கொண்ட ஒரு மாநிலமே நம் முன்னால் விரிந்து கிடப்பது போல் இருந்தது.

கம்ப்யூட்டரில் வைஸ் சிட்டிக்கு 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 128 எம்பி ராம், 32 எம்பி கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க்கில் 1 ஜிபிக்கும் குறைவான இடம் போதும். அதனால்தான் கணக்கு போட வாங்கிய மெஷினிலும் ஓடியது. குறைந்த சாமானில் நிறைந்த சாப்பாடு. கைப்பக்குவம் என்று நான் சொல்வது இதைத்தான்.

2021ல் நடந்தது என்ன?

அந்த மூன்று கேம்களையும் புதுப்பித்து, 'டெஃபினிடிவ் எடிஷன்' என்ற பெயரில் 2021 நவம்பர் 11 அன்று வெளியிட்டார்கள். வேலையைச் செய்தது ராக்ஸ்டார் நார்த் இல்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கும் குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ் என்ற சிறிய கம்பெனி. நம் ஊர் பாஷையில் சொன்னால் ஜாப் ஒர்க். லேபிள் ஒன்று, தைத்த இடம் வேறு.

குறைகள் முதல் நாளே தெரிந்தன. மழை பெய்தால் வெள்ளைக் கோடுகள் திரையை மறைத்தன. கடைப் பலகைகளில் எழுத்துப் பிழைகள். பழைய சிறிய படங்களைப் பெரிதாக்கும் வேலையை கம்ப்யூட்டரிடமே விட்டிருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குப் புரியாது அல்லவா? டஃப் நட் என்ற டோனட் கடையின் பலகையில் ஆறு பக்கம் உள்ள இரும்பு நட் ஒன்று இருக்கும். அதுதான் அங்கே ஜோக். புதுப் பதிப்பில் அந்த நட் உருண்டையாகிவிட்டது. முனைகளை மழமழப்பாக்கினார்கள், ஜோக் போய்விட்டது.

மூட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். இன்றைய மெஷினுக்கு அது தேவையில்லைதான். ஆனால் சான் ஆண்ட்ரியாஸின் ஒரு முனையில் நின்றால் மறு முனை தெரிந்தது. பெரிய மாநிலம் ஒரு பொம்மை ஊர் போலச் சுருங்கிவிட்டது. லைசென்ஸ் பிரச்சினையால் சில பாட்டுகளும் இல்லை.

கம்ப்யூட்டர் பதிப்பில் இருக்கக் கூடாத சில ஃபைல்கள் சேர்ந்துவிட்டதால், அதை விற்பனையில் இருந்து எடுத்து சில நாட்கள் கழித்து மறுபடி வைத்தார்கள். நவம்பர் 19 அன்று ராக்ஸ்டார் மன்னிப்பு கேட்டது. நிறுத்தியிருந்த பழைய பதிப்புகளையும் மறுபடி கொடுத்தது. 2024 நவம்பரில் வந்த பெரிய அப்டேட்டில் பழைய ஒளியமைப்பும் வானமும் திரும்பி வந்தன. சரி செய்ய மூன்று வருடம்.

பனியன் கம்பெனியில் கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் முடிந்த பிறகு செக்கிங் என்று ஒரு டேபிள் உண்டு. ஜாப் ஒர்க்கில் இருந்து வந்த பீஸையும் அங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஓட்டை இருந்தால் அது காதர்பேட்டைக்கு செகண்ட்ஸாகத்தான் போகும், ஏற்றுமதிக்குப் போகாது. 2021ல் ராக்ஸ்டார் செக்கிங் டேபிளைத் தாண்டிப் போய்விட்டது. என் பார்வையில் தப்பு தைத்தவர் மீது மட்டும் இல்லை. லேபிள் போட்டவர் மீதும்தான்.

அப்படியானால் திறமை போய்விட்டதா?

இல்லை என்றுதான் சொல்வேன். 2018ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' அதே கம்பெனியின் சொந்தக் கை. அதில் சேறு ஒட்டுவதும், குதிரை களைப்பதும், மழை ஓய்ந்தபின் விழும் வெளிச்சமும் பார்த்தால் கைப்பக்குவம் எங்கும் போகவில்லை என்று தெரியும். ஆனால் மூன்று விஷயங்கள் மாறிவிட்டன.

முதலாவது, வேலையின் அளவு. ரெட் டெட் 2ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பல வருடம் உழைத்தார்கள். அதன் எழுத்தாளர் டான் ஹவுசர், வாரம் 100 மணி நேர வேலை என்று பேட்டியில் சொன்னது 2018ல் பெரிய சர்ச்சையானது. அது எழுத்துக் குழுவில் நான்கு பேர், மூன்று வாரம் பார்த்த வேலை மட்டும்தான் என்று பிறகு விளக்கினார். ஷிப்மெண்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, பணம் வரும் வழி. 2013ல் வந்த ஜிடிஏ 5, 20 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதோடு சேர்ந்த ஜிடிஏ ஆன்லைன் தினமும் வருமானம் தருகிறது. ஓடுகிற மெஷினை நிறுத்தி, புது டிசைன் போட யாருக்கு அவசரம்?

மூன்றாவது, ஆட்கள். பல ஜிடிஏ கேம்களைத் தயாரித்த லெஸ்லி பென்சீஸ் 2016லும், டான் ஹவுசர் 2020லும் விலகிவிட்டார்கள். சாம் ஹவுசர் தொடர்ந்தார். அடுத்த கேமில்தான் இதன் பலன் தெரியும்.

ஆக, கை அப்படியே இருக்கிறது. அந்தக் கை தொடாத பொருளுக்கும் அதே லேபிள் ஒட்டுகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது லேபிளை இல்லை, தைத்தவரை.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

1. ஜிடிஏ 6, 2026 நவம்பர் 19 அன்று வரும் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான். கம்ப்யூட்டருக்கு தேதி சொல்லவில்லை. இதற்கு முன் வைஸ் சிட்டி கம்ப்யூட்டருக்கு வர 7 மாதம் ஆனது. ஜிடிஏ 5க்கு 19 மாதம். ரெட் டெட் 2க்கு ஒரு வருடம். என்ன கிராபிக்ஸ் கார்டு தேவை என்று தெரியாத கேமுக்காக இன்று கார்டு வாங்காதீர்கள்.

2. எந்த கேமையும் வெளியான அன்றே வாங்காதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள். 2021ல் பொறுத்தவர்களுக்கு பணம் மிச்சம்.

3. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் உங்கள் பிராசசர், ராம், கிராபிக்ஸ் விவரம் தெரியும். கேமின் தேவையோடு ஒப்பிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் மறக்க வேண்டாம். ரெட் டெட் 2க்கு மட்டும் 150 ஜிபி வேண்டும்.

4. ஸ்டீம் கடையில் வாங்கினால், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

5. திருட்டு காப்பி வேண்டவே வேண்டாம். கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் கேம் இன்ஸ்டால் செய்யாதீர்கள். வாரம் ஒரு முறையாவது பேக்அப் எடுங்கள்.

6. பெட்டியில் அல்லது கடைப் பக்கத்தில் இருக்கும் வயது எண்ணைப் பாருங்கள். ஜிடிஏ, ரெட் டெட் எல்லாம் பெரியவர்களுக்கானவை.

சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். எழுபதாயிரத்துக்குள், பிற்பாடு கிராபிக்ஸ் கார்டு மாட்ட இடம் விட்டு, படிப்புக்கு ஏற்ற ஒரு டெஸ்க்டாப் போதும். தம்பிக்கு 18 வயது ஆகும்போது அந்த கேமின் குறைகளும் தெரிந்திருக்கும், கார்டு விலையும் தெரிந்திருக்கும்.

தம்பி முகம் சுருங்கிவிட்டது. சித்தப்பா சிரித்தார். "சரி கண்ணு, வாங்கிடலாம். ஆனா இந்த தடவை டேலி வேற மெஷின்ல" என்றார்.