சிறு கணிப்பொறிக்கு ஒரு பட்டறை

கோலார் தங்கவயலின் ஆழ்ந்த சுரங்கங்களில், மேலே நின்றோருக்கும் கீழே உழைத்தோருக்கும் இடையே மணியோசையே மொழியாக விளங்கிற்று. ஆட்களை ஏற்றிய கூண்டு இறங்க வேண்டுமா, ஏற வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதற்கு, மணி இத்தனை முறை ஒலித்தால் இன்ன பொருள் என்று முன்னரே வரையறுத்து வைத்திருந்தனர். யந்திரத்தை இயக்குபவர் கீழே இருப்பவரைக் கண்ணால் காண்பதில்லை. குறி பிசகினால் உயிருக்கே ஆபத்து. ஆணையிடுபவரும் அதனை ஏற்பவரும் ஒரே குறிமொழியை அறிந்திருக்க வேண்டும் என்னும் இவ்வெளிய உண்மையே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் அடிப்படையாகும்.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் பொறுப்பில் பெருந்தொழிலாக வளரத் தொடங்கி, பின்னர் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் சென்ற அச்சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அங்குக் குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பலர், இன்று வைகறையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். அவர்களுள் ஓர் இளைஞர், மின்னணுத் தொழில் பயில வேண்டும் என்னும் ஆவலால், தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்து ஒரு சிறு கணிப்பொறிப் பலகையை வாங்குகிறார் என்று கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை முழுதும் முயன்றும் அது உயிர்பெறவில்லை. தமக்கு அறிவு போதாது என்று எண்ணி அதனை ஒரு மூலையில் வைத்துவிடுகிறார். உண்மையில் குறை அவருடைய அறிவில் அன்று. பட்டறை அமையாததே குறை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். அச்சுவரை எழுப்பும் முறையை ஈண்டு விளக்க முயல்வோம்.

கணிப்பொறியின் மூளை, நினைவகம், இணைப்பு வாயில்கள் ஆகிய யாவும் ஒரே பலகையில் அமைந்தது ஒற்றைப் பலகைக் கணிப்பொறி எனப்படும். பள்ளி மாணவர் நிரல் எழுதிப் பயில வேண்டும் என்னும் நோக்கத்துடன் 2012இல் பிரிட்டனில் வெளியிடப்பட்ட ராஸ்பெரி பை இவ்வகையில் மிகவும் புகழ் பெற்றது. சட்டைப்பையில் அடங்கும் இப்பலகையின் ஓரத்தில் ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. விளக்கையோ, வெப்பம் அளக்கும் கருவியையோ, மோட்டாரை இயக்கும் சாதனத்தையோ அவற்றில் இணைத்து, நாம் எழுதும் நிரலால் ஆட்சி செய்யலாம்.

இதற்கு வேண்டிய பட்டறையில் பெரும்பாலும் இரண்டு யந்திரங்கள் உண்டு. ஒன்று, நாம் அமர்ந்து நிரல் எழுதும் பெரிய கணிப்பொறி. மற்றொன்று, அந்நிரலை நிறைவேற்றும் சிறு பலகை. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் நாள்தோறும் ஈடுபட்டிருக்கும் நமக்கு, இவ்விரண்டின் உறவு புதியதன்று. கன்னடம் மட்டுமே படிக்கத் தெரிந்த அலுவலருக்குத் தமிழில் விண்ணப்பம் அனுப்பினால், அதில் ஒரு பிழையும் இல்லாவிடினும் காரியம் நடவாது. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இதனை நன்கு அறிவர். கணிப்பொறிகளின் நிலையும் இதுவே. மேசைக் கணிப்பொறிகள் பலவற்றின் மூளை எக்ஸ்86 என்னும் ஆணைமொழியை அறியும்; ராஸ்பெரி பை அறிவது ஆர்ம் என்னும் ஆணைமொழி. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய வேகா செயலிகளும், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலிகளும் ரிஸ்க்-வி என்னும் மூன்றாவது ஆணைமொழியைச் சார்ந்தவை.

சி போன்ற மொழியில் நாம் எழுதுவதை ஆணைமொழிக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளனே கம்பைலர் என்னும் மென்பொருள். எந்தப் பலகைக்கு நிரல் செல்கிறதோ, அதன் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரையே தேர்ந்து நிறுவ வேண்டும். மேசைக் கணிப்பொறிக்கென மாற்றிய நிரலைப் பலகையில் இட்டால், வடிவம் பொருந்தவில்லை என்னும் பிழைச்செய்தியே கிடைக்கும். பைத்தான் மொழியில் எழுதுவோருக்கு இக்கவலை குறைவு; அதற்குரிய மொழிபெயர்ப்பி பலகையிலேயே தங்கி, நிரலை அவ்வப்போது பொருள் உணர்ந்து நிறைவேற்றும்.

இனி, ராஸ்பெரி பை பலகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பணிகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது மின்சாரம். பை 4 வகைக்கு 5 வோல்ட் அழுத்தத்தில் 3 ஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசி மின்வழங்கியை மாட்டினால், பலகை இடையிடையே மயங்கி நிற்கும். காரணம் தெரியாது நாம் நிரலைக் குறைகூறுவோம்.

இரண்டாவது நினைவு அட்டை. 32 ஜிகாபைட் கொள்ளும் நல்ல அட்டை ஒன்றில், ராஸ்பெரி பை இமேஜர் என்னும் மென்பொருளைக் கொண்டு இயங்குதளத்தை எழுத வேண்டும். அப்பொழுதே பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம் ஆகியவற்றையும் பதிந்துகொள்ளலாம். எல்லோருக்கும் பொதுவாக இருந்த பெயரும் கடவுச்சொல்லும் 2022இல் நீக்கப்பட்டன. ஆதலின் பழைய நூல்களில் கண்ட பெயரை இட்டுக் கதவு திறக்கவில்லையே என வருந்த வேண்டா.

மூன்றாவது தொடர்பு. எஸ்.எஸ்.எச். என்னும் வழியை இமேஜரிலேயே திறந்து வைத்தால், பலகைக்குத் தனித் திரையும் விசைப்பலகையும் வேண்டுவதில்லை. பெரிய கணிப்பொறியில் அமர்ந்தபடியே பலகைக்கு ஆணையிடலாம். சுரங்கத்தின் மணிக்கயிறு இதுவே எனலாம்.

நான்காவது கருவிகள். முதலில் இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பைத்தானில் புதிய தொகுப்புகளைச் சேர்ப்போர், ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர்ச் சூழல் ஒன்றை அமைத்துக்கொள்வது நன்று. 2023இல் வந்த இயங்குதளப் பதிப்பு முதல், பைத்தானின் பிப் என்னும் கருவியால் தொகுப்புகளைப் பொதுவிடத்தில் நிறுவ முயன்றால் இயங்குதளம் தடுக்கிறது. இத்தடை நம் நன்மைக்கே. ஒரு வேலைக்காகச் செய்த மாற்றம் மற்றொன்றைக் கெடுக்காது காக்கிறது.

ஐந்தாவது சோதனை. சிறு எல்.இ.டி. விளக்கொன்றை 330 ஓம் மின்தடையுடன் இணைத்து, விட்டுவிட்டு எரியச் செய்வதே மரபான முதல் நிரல். ஈண்டும் குறிமொழி பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நிரலில் 17 என்று குறிப்பிடும் முனை, பலகையில் எண்ணி வந்தால் 11ஆம் ஊசியாக இருக்கும். இருவகை எண்களையும் குழப்பிக்கொண்டால் விளக்கு எரியாது. மேலும் இவ்வூசிகள் 3.3 வோல்ட் அழுத்தத்தையே தாங்கும். 5 வோல்ட்டை நேரே செலுத்தினால் பலகை கெட்டுவிடக்கூடும்.

வேலை முடிந்ததும், நிறுத்துவதற்குரிய ஆணையை இட்டு, இயக்கம் அடங்கிய பின்னரே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எழுதியது சிதையலாம். ஆகவே நிரல்களின் நகல் ஒன்றைப் பெரிய கணிப்பொறியிலும் வைத்துக்கொள்க. செய்தவற்றையும் கண்ட பிழைச்செய்திகளையும் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. மறுமுறை அதே இடர் நேரும்பொழுது, அக்குறிப்பேட்டினும் சிறந்த ஆசான் இல்லை.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் பெரியோர். மூலையில் கிடக்கும் அப்பலகையை மீண்டும் எடுத்து, மின்சாரம், அட்டை, தொடர்பு, கருவி, சோதனை என்னும் இவ்வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால், எந்தப் படியில் தடை என்பது தெரிந்துவிடும். தடை தெரிந்துவிட்டால் அதனை நீக்குவது அரிதன்று. அன்றிரவு அவ்வீட்டு மேசையின்மீது ஒரு சிறு விளக்கு எரிந்து அணையும். அணைந்து மீண்டும் எரியும் அவ்விளக்கு, இட்ட ஆணை உரிய மொழியில் உரிய இடத்தை அடைந்தது என்பதற்குச் சான்றாகும்.