குணமானது எதனால்?

திருச்சிராப்பள்ளியிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு குடும்பத்தில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால், உற்றார் கூறும் முதல் யோசனைகளுள் ஒன்று, “குணசீலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்பது. காவேரியின் வடகரையில், முசிறி செல்லும் சாலையில் அமைந்துள்ள அந்தப் பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதியில் 48 நாள் தங்கி, பூஜை வேளையில் முகத்தில் தெளிக்கப்பெறும் தீர்த்தத்தை ஏற்றால் புத்தி தெளியும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்துள்ள நம்பிக்கை. தெளிந்து திரும்பியவர்களைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று கருத நமக்கு எவ்விதக் காரணமும் இல்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தெளிவு வந்தது எதனால்?

இவ்வாறு கேட்பது தெய்வ நிந்தனை ஆகாது. காரணம் எது என்று தேடுவதே விஞ்ஞானத்தின் தொழில். அத்தொழிலின் இலக்கணத்தைக் காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டில் பிறந்த சர் சி. வி. ராமன், 1921-இல் கப்பலில் தாயகம் திரும்பியபொழுது கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நீலமே கடலில் பிரதிபலிக்கிறது என்பது ராலே பிரபு முதலிய பேரறிஞர்களின் முடிபு. ராமன் வாதம் செய்யவில்லை. பிரதிபலித்து வரும் ஒளியைத் தடுக்கும் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்தார். பிரதிபலிப்பு அகன்றது, நீலமோ அகலவில்லை. ஆகவே காரணம் நீருக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்று கண்டார். காரணம் என்று கருதப்படுவதை நீக்கிப் பார். காரியம் நிற்கிறதா, மறைகிறதா என்று கவனி. பரிசோதனையின் சாரம் இவ்வளவே.

கடலைச் சோதிப்பதினும் மனத்தைச் சோதிப்பது கடினம். மனோவியாதிகளில் பல, ஏறியும் இறங்கியும் வருபவை. வியாதி உச்சத்தில் இருக்கும்பொழுதே குடும்பத்தார் கோயிலுக்கோ வைத்தியரிடமோ ஓடுகின்றனர். உச்சத்துக்குப் பின் தானாகவே சற்று இறக்கம் ஏற்படினும், அதன் பெருமை அப்பொழுது கைக்கொண்ட பரிகாரத்தையே சேர்கிறது. மேலும், குணமடைந்தவர் பத்துப் பேரிடம் சொல்லுவார். குணமடையாதவரின் குடும்பம் வாய் திறப்பதில்லை. வந்து குணமானோர், வந்தும் குணமாகாதோர், வராமலே குணமானோர், வராமலும் குணமாகாதோர் என்னும் நான்கு வகையினரையும் எண்ணினாலன்றி உண்மை வெளிப்படாது. நாமோ முதல் வகையினரை மட்டும் எண்ணி மகிழ்கிறோம். மருந்துக்கும் மருத்துவமனைக்கும் இந்த விதியே பொருந்தும்.

இத்தகைய ஆராய்ச்சி நம் நாட்டிலேயே தொடங்கப்பட்டுள்ளது என்பது மகிழ்ச்சிக்குரியது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 நோயாளிகளை டாக்டர் ரகுராம் முதலியோர் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். வியாதியின் கடுமையை அளக்கும் மதிப்பெண், வந்த நாளில் சராசரி 52.9, திரும்பும் நாளில் 42.9. அங்கே பிரத்தியேகமான சிகிச்சைச் சடங்கு ஏதும் இல்லை. அன்றாடப் பூஜையில் கலந்துகொள்வதும், கோயிலைப் பெருக்குவதும், செடிகளுக்கு நீர் வார்ப்பதுமே அவர்கள் செய்தவை. உறவினர் ஒருவர் உடன் இருந்தார். அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே நன்மை செய்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளரின் ஊகம்.

இதனைப் பரிகசிப்பதும் தவறு. இதுவே இறுதித் தீர்ப்பு என்று கொண்டாடுவதும் தவறு. கோயிலுக்கு வராத, அதே நிலையிலுள்ள வேறொரு கூட்டத்தாரை இத்துடன் ஒப்பிடவில்லை. 31 பேர் என்பதும் சிறு தொகையே. ஆயினும், “எல்லாம் மூடநம்பிக்கை” என்று அளக்காமலே கூறுவோரைவிடவும், “எல்லாம் மகிமை” என்று எண்ணாமலே கூறுவோரைவிடவும், அளந்து பார்த்தவர் உண்மைக்கு ஓரடி அருகில் சென்றிருக்கிறார்.

இது வெறும் பண்டித விவாதம் அன்று. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, ஏர்வாடியில் காப்பிடம் ஒன்றில் தீப்பிடித்தபொழுது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி வெந்தனர். 28 உயிர்கள் போயின. ஆதரவான சூழல் நோயைத் தணிக்கும் என்பது மெய்யாயின், சங்கிலி அதனை வளர்க்கும் என்பதில் ஐயம் உண்டோ? நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எவ்விதத்திலும் அனுமதிக்கவில்லை.

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997-இல் முதன்முதல் தொடங்கப்பெற்ற இடம் நம் திருச்சிராப்பள்ளியே. ஆதலின் மருத்துவர் இல்லை என்று சொல்லி நாட்களைக் கடத்த இவ்வூராருக்கு நியாயம் இல்லை. சித்தப்பிரமை கண்டவருக்குச் சிகிச்சை தாமதமாகத் தாமதமாக, நோய் தீர்வதும் அரிதாகிறது. பெருமாளைச் சேவிக்கச் செல்வோர் தாராளமாகச் செல்லட்டும். ஆனால் மருத்துவர் கொடுத்த மருந்தைக் காவேரிக் கரையில் நிறுத்திவிட வேண்டாம். உறக்கம், உணவு, பேச்சு, கோபம் ஆகியவை எந்த நாளில் எவ்வாறு இருந்தன என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்து வரட்டும். ஞாபகம் நாம் விரும்பியதையே காட்டும். குறிப்பு நடந்ததைக் காட்டும். அன்பும் அளவும் சேர்ந்து நடக்கும் வீட்டில்தான் நோயாளிக்கு நற்காலம் பிறக்கும்.