பழைய பைக்கின் பெட்ரோல் டேங்க்: உள்ளே தொடங்கி வெளியே முடிக்க வேண்டிய வேலை

பழைய புல்லட்டோ ஜாவாவோ கைக்கு வந்ததும் பலர் முதலில் போகும் இடம் பெயிண்ட் கடை. டேங்க் பளபளத்தால் வண்டியே புதிதானதுபோல் இருக்கும், உண்மைதான். ஆனால் சில மாதங்களில் டேங்க்கின் அடிப்பக்கம் பெயிண்ட் கொப்பளிக்கத் தொடங்கும். கொப்பளத்தை நகத்தால் கீறினால் பெட்ரோல் கசியும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறி நிற்கும். கார்புரேட்டரைக் கழற்றினால் ஜெட்டில் செந்நிறத் தூள் அடைத்திருக்கும். பெயிண்டுக்குக் கொடுத்த பணம் வீண்.

பழைய டேங்க்கைச் சீர்செய்வதில் வரிசைதான் முக்கியம். உள்ளே இருக்கும் துரு முதலில், ஓட்டை அடுத்து, ஒடுக்கு அதற்கடுத்து, வண்ணம் கடைசியில். இந்த வரிசை தெரிந்தால், எந்த வேலையை நாமே செய்யலாம், எதை அனுபவசாலியிடம் விட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

துரு எங்கிருந்து வருகிறது?

டேங்க் என்பது மெல்லிய இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி, துண்டுகளாகப் பற்றவைத்துச் செய்த பாத்திரம். வெளியே பெயிண்டோ குரோமோ இருக்கும். உள்ளே பெரும்பாலும் வெறும் இரும்புதான். பெட்ரோல் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. காற்று நிற்கும் மேற்பகுதிக்குத்தான் ஆபத்து. பாதி டேங்க்குடன் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது, ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல டேங்க்கின் உள்கூரை வியர்க்கும். அந்தத் துளிகள் கீழே இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும்.

பைக் டேங்க்கின் அடிப்பகுதி சமமாக இருக்காது. சேசிஸின் மேல் குழாய் நுழைவதற்காக நடுவில் ஒரு வளைவு இருக்கும். இருபுறமும் இரண்டு பள்ளங்கள். பெட்ரோல் டேப் ஒரு பக்கத்தில் இருந்தால், மறுபக்கப் பள்ளத்தில் சேரும் தண்ணீர் வெளியேற வழியில்லை. டேப் இருக்கும் பக்கத்திலும் ரிசர்வ் துளைக்குக் கீழே கொஞ்சம் தங்கிவிடும். அதனால்தான் ஊசித்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்து மடிப்பு ஓரத்திலும், பின்பக்கத் தாழ்ந்த மூலையிலும், டேப் பொருத்தும் இடத்தைச் சுற்றியும் விழுகின்றன.

இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலான பங்க்குகளில் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவு வரை தண்ணீர் அதில் கலந்தே நிற்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். தினமும் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வரும் பழைய வண்டிக்கு இது பெரிய தொல்லை. பழைய டேப்புகளில் உள்ள கார்க்கும் பழைய ரப்பர் குழாய்களும் இந்த எரிபொருளை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. டேங்க் வேலையோடு சேர்த்து அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியவை

டேங்க்கைக் கழற்றி, பெட்ரோலை முழுதாக வடித்து, டேப்பையும் மூடியையும் எடுத்துவிடுங்கள். சிறிய எல்இடி டார்ச்சை உள்ளே செலுத்திப் பாருங்கள். டார்ச் தவிர வேறு எந்த வெளிச்சமும் வேண்டாம். தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக்கூடாது. மெல்லிய செந்தூள் மட்டும் இருந்தால் எளிய வேலை. செதில் செதிலாக உரிந்தால் தகடு மெலிந்திருக்கிறது என்று பொருள். பழுப்பு நிறத்தில் பிசின்போல் ஒட்டியிருந்தால் அது பழைய பெட்ரோல் கெட்டுப்போன படிவு. வெள்ளையாகவோ சிவப்பாகவோ தோல்போல உரிந்தால், முன்பு யாரோ லைனர் என்னும் உட்பூச்சை ஊற்றியிருக்கிறார்கள். அதை எடுக்காமல் வேறு எதையும் செய்ய முடியாது.

வெளியே ஒரு சிறிய காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் தடிமனாக பட்டி இருக்கிறது. பழைய விபத்துகளின் கதை அங்கே தெரியும்.

தீயைப் பற்றி ஒரு எச்சரிக்கை

டேங்க் வேலையில் உயிர் போகும் இடம் ஒன்று உண்டு. காலியான டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. எரிவது பெட்ரோல் திரவம் அல்ல, அதன் ஆவி. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், டேங்க் வெடிக்கும். சில தேக்கரண்டி பெட்ரோல் மிச்சமிருந்தாலே அந்த அளவு ஆவி சேர்ந்துவிடும். ஒரு மாதம் வெயிலில் காய்ந்த டேங்க்கையும் நம்ப முடியாது. மடிப்புகளுக்கு உள்ளேயும் பிசின் படிவிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், சுடர் பட்டுச் சூடானதும் ஆவியாகி வெளியே வரும்.

எனவே கேஸ் வெல்டிங், பிராஸ் வெல்டிங் எதற்கும் முன்னால் டேங்க்கை சோப்புத்தூள் கலந்த வெந்நீரால் பலமுறை குலுக்கிக் கழுவ வேண்டும். முடிந்தால் நீராவி செலுத்த வேண்டும். அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் பற்றவைக்கும் இடத்தை மேலே இருக்கும்படி வைத்து, அதற்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, ஆவி நிற்கும் இடத்தைக் குறைப்பார்கள். அல்லது ஆர்கான் போன்ற எரியாத வாயுவை உள்ளே விட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். மூடியும் டேப்பும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். இவற்றில் எதையும் செய்யாமல் சுடரை நீட்டுபவரிடம் டேங்க்கைக் கொடுக்காதீர்கள். அவர் பக்கத்தில் நீங்களும் நிற்காதீர்கள். வெல்டிங்கை வீட்டில் முயலவே வேண்டாம்.

துருவை எடுக்கும் வழிகள்

வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது துரு எடுக்கும் வேலை. உதிரும் துரு முதலில் போக வேண்டும். நட்டுகளையோ பழைய சைக்கிள் செயினையோ போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் குலுக்க வேண்டும். நட்டு போட்டால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். செயின் துண்டு முழுசாக வெளியே வந்துவிடும் என்பதால் அதுவே வசதி. தகடு மெலிந்த டேங்க்கில் மெதுவாகக் குலுக்கவும்.

அடுத்தது ஒட்டிய துரு. சிட்ரிக் ஆசிட் இதற்கு நல்ல மருந்து. லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சாம்பல் நிற இரும்பு தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் வைத்தால் நல்ல இரும்பும் கரையத் தொடங்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்கள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவோடு தகட்டையும் அரிக்கும். மடிப்புக்குள் தங்கிய குளோரைடு மறுபடி துருவைக் கூப்பிடும். ஐம்பது வருடத் தகட்டுக்கு அது வேண்டாம்.

மின்சாரத்தால் துரு எடுப்பது இன்னொரு வழி. தண்ணீரில் சலவை சோடாவை, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் அளவில் கரைத்து டேங்க்கை நிரப்ப வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை டேங்க்கில். பாசிட்டிவ் முனை, வாய் வழியாக உள்ளே தொங்கும் சாதாரண இரும்புக் கம்பியில். கம்பி டேங்க்கைத் தொடாதபடி ரப்பரோ மரமோ வைத்துப் பிடித்து நிறுத்துங்கள். முனைகளை மாற்றிக் கொடுத்தால் டேங்க்கே கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். இந்த முறையில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்புகளைத் தொட வேண்டும். பொறுமை கேட்கும் வழி இது. ஆனால் நல்ல இரும்பைத் தின்னாது.

துரு போன டேங்க் மிகவும் பலவீனமான நிலையில் இருக்கிறது. சுத்தமான இரும்பில் ஈரம் பட்டால் சில நிமிடங்களிலேயே மஞ்சள் பூசியதுபோலப் புதுத் துரு படியும். அதனால் அமிலத்தைக் கொட்டியதும் நல்ல தண்ணீர், பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர் என்று இடைவெளி விடாமல் கழுவுங்கள். கடைசியாக சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றிச் சுழற்றினால் அது மிச்ச ஈரத்தை இழுத்துக்கொண்டு வெளியேறும். அது காயும்வரை ஹேர் டிரையர், ஹீட்டர் எதுவும் வேண்டாம். அதன் ஆவியும் தீப்பிடிக்கும். காய்ந்ததும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி வையுங்கள்.

ஓட்டையும் அதன் அடைப்பும்

துரு போன பிறகுதான் உண்மையான ஓட்டைகள் தெரியும். பல துளைகளை அதுவரை துருவே அடைத்துக்கொண்டிருக்கும். வாய்களை ரப்பர் அடைப்பால் மூடி, சைக்கிள் பம்பால் மிகக் கொஞ்சமாகக் காற்று செலுத்தி, மடிப்புகளில் சோப்பு நுரை தடவினால் துளை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். 2 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம். கம்ப்ரசரை நேரடியாக வைத்தால் டேங்க்கின் பக்கங்கள் உப்பிவிடும்; அந்த வடிவத்தை மீண்டும் கொண்டுவர முடியாது.

வழியில் கசிந்தால் பார் சோப்பை அழுத்தித் தேய்த்து வீடு வந்து சேரலாம். சோப்பு பெட்ரோலில் கரையாது. எம்-சீலும் அப்படித்தான், கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். இரண்டும் தற்காலிகம்.

ஊசித்துளைகளுக்கு ஈயப் பற்று இன்றும் சிறந்த வழி. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று சுமார் 190 டிகிரியில் உருகிவிடும். வேறிடத்தில் சூடாக்கிய தடித்த செம்புப் பற்றுக்கோலால் செய்யலாம் என்பதால் டேங்க் அருகே சுடரே வேண்டாம்; மெல்லிய தகடு வளையாது; மறுபக்கத்துப் பெயிண்டும் தப்பும். விரிசலுக்கும் அதிர்வு தாங்கும் இடத்துக்கும் பிராஸ் பொருத்தம். தகடே அரித்துப் போயிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி, புதுத் தகட்டை அளவாக வளைத்து, டிக் வெல்டிங்கில் வைக்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒருமுறை ஈயம் வைத்த இடத்தில் பிறகு வெல்டிங் பிடிக்காது. ஈயம் முழுதும் சுரண்டப்பட வேண்டும். எந்த வழி என்பதை முதலிலேயே தீர்மானிப்பது இதனால்தான்.

லைனர் எனப்படும் எபாக்சிப் பூச்சைப் பலர் முதல் மருந்தாக நினைக்கிறார்கள். அதைக் கடைசி மருந்தாக வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ மிச்சமிருந்தால் அது ஒட்டாது. உரிந்து டேப்பை அடைக்கும். பழைய வகைப் பூச்சுகள் எத்தனாலில் இளகும். நல்ல தகடுள்ள டேங்க்குக்குச் சுத்தமும் பயன்பாடும் போதும். மெலிந்தும் மாற்றக் கிடைக்காததுமான டேங்க்குக்கு மட்டும், எத்தனால் தாங்கும் எபாக்சியை முறையாகச் சுத்தம் செய்த பின் ஊற்றலாம்.

ஒடுக்கும் வண்ணமும்

ஒடுக்கு எடுப்பது டிங்கரிங் கலை. வாய்க்கு அருகில் இருந்தால் வளைந்த கம்பியால் உள்ளிருந்து தள்ளலாம். எட்டாத இடத்தில் வெளியே சிறு ஊசிகளைப் பற்றவைத்து இழுப்பார்கள். பெரிய சேதமென்றால் அடித்தகட்டை வெட்டித் திறந்து உள்ளிருந்து தட்டி, மறுபடி மூடுவார்கள். நல்ல டிங்கர் தகட்டை முடிந்தவரை பழைய வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே பட்டியைத் தொடுவார். பட்டி மெல்லிய பூச்சாக மட்டும் இருக்கும்.

குரோம் டேங்க்குகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மைசூரில் ஐடியல் ஜாவா 1961 முதல் 1996 வரை செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகளில் பலவற்றின் டேங்க் பக்கங்கள் குரோம். சுடர் பட்டால் குரோம் நீலமாகிக் கெடும். மறுபடி குரோம் போடுவதற்கு டேங்க்கை அமிலத்தில் முக்க வேண்டும். அப்போது மறைந்திருந்த துளைகளும் திறக்கும். அங்கே குரோமுக்கு முன் ஓட்டை வேலை, குரோமுக்குப் பின் பெயிண்ட்.

வண்ணத்தில் பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும் இரு-கூறு பெயிண்டே இன்று பொருத்தம். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு; சரியான முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் அடிக்கக் கூடாது. சென்னையில் செய்யப்படும் புல்லட் டேங்க்குகளில் பொன்னிறக் கோடுகளைக் கையால் தீட்டும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பழைய டேங்க்கில் அந்தக் கோடு மங்கியிருந்தாலும் நிலையாக இருந்தால், அதை அழிக்காமல் மேலே தெளிந்த பூச்சு மட்டும் கொடுப்பதைப் பரிசீலியுங்கள். அழித்துவிட்டால் அந்தக் கைவேலை திரும்பாது.

பழையதைக் காப்பதா, புதியதை வாங்குவதா?

புல்லட்டுக்குப் புது டேங்க் எளிதாகக் கிடைக்கும். தகட்டின் கனம், மூடியின் வாய், டேப்பின் மரை, முட்டுக்கால் பள்ளத்தின் வளைவு ஆகியவை பழையதோடு ஒத்துப்போவது அரிது. மத்திய அரசின் 2021 விதி, 50 ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய வழி தருகிறது. மூல டேங்க்கை வைத்திருப்பது அந்த அடையாளத்தின் பெரும்பகுதியை வைத்திருப்பது. அடித்தகடு முழுதும் சல்லடையாகி, கை வைத்தால் நெளிகிறது என்றால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் பழையதை எடைக்குப் போடாமல், ஆயில் தடவி வையுங்கள். நல்ல தகட்டு வேலை தெரிந்தவர் கிடைக்கும்போது அது மறுபடி வண்டியில் ஏறலாம்.

சீர்செய்த டேங்க்குக்குப் பிறகு தேவைப்படுவது சிறிய ஒழுங்குகள். நீண்ட நாள் நிறுத்துவதானால் முழுதாக நிரப்புங்கள், அல்லது முழுதாக வடித்து ஆயில் தடவுங்கள், பாதியில் விடாதீர்கள். மூடியின் காற்றுத் துளை அடைபடாமல் இருக்கிறதா, வாஷர் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஃபில்டர் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை டேப்பைக் கழற்றி அடியில் தங்கியதை வடித்துவிடுங்கள். மாதம் இருமுறையாவது வண்டியை ஓட்டுங்கள். உள்ளே சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்கும் இரும்பு டேங்க், அடுத்து வண்டியை ஓட்டப்போகும் தலைமுறைக்கும் தாங்கும்.